ஜகதீஷின் கை

தில்லியில் என்ன வேலை என்று ஊரில் யார் கேட்டாலும் படகு எஞ்சின் பார்க்கிறேன் என்பேன். கேட்டவர் சிரிப்பார். தில்லியில் ஏது கடல் என்பார். கடல் இல்லை, யமுனை இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் சாக்கடையாகக் கிடக்கிற அது மழைக்காலத்தில் ஆறாகி ஆளை விழுங்கும். அதற்காக எங்கள் துறை மீட்புப் படகுகள் வைத்திருக்கிறது என்று விளக்கிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போது நான் வேலை பார்த்த அதே வொர்க்‌ஷாப்புக்குத் தமிழ்நாட்டிலிருந்து நாலைந்து பேர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடற்படையிலிருந்து வந்தவர்கள் சிலர், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் சிலர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இனி உங்கள் வாய் வலிக்கட்டும்.

எஞ்சின் வேலை எப்படிச் செய்வது என்று நான் எழுதப்போவதில்லை. அதைக் கம்பெனியிலிருந்து வருகிற ஆள் மூன்று நாள் வகுப்பெடுத்து, கடைசி நாள் சமோசாவும் கொடுத்துச் சொல்லித்தந்துவிடுவார். எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். நான் எழுதுவது அந்த வகுப்பில் வராத ஒரு விஷயம். நான் செய்த தப்பு அது. அதில் ஒரு பெண் இறந்துபோனார். அவர் பெயர் கமலேஷ். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆபீஸ் பைலில் அவர் ‘பயணி ஒருவர்’ என்று மட்டும்தான் இருந்தார்.

நான் தூத்துக்குடிக்காரன். பதினைந்து வருஷம் கடற்படை, அதற்குப் பிறகு தில்லியில் இந்த வேலை. மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். என் இரண்டு பெண்களும் அங்கே தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வீட்டில் இந்தியில்தான் சண்டை போட்டுக்கொள்வார்கள். என் இந்தியும் மோசமில்லை. சந்தையில் பேரம் பேசுவேன், கோபம் வந்தால் திட்டுவேன். ஆனால் அவசரத்தில் மட்டும் மனசு தமிழில் யோசிக்கும், வாய் அதை அப்படியே இந்தியில் சொல்லிவிடும். இதை அப்போது நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

படகின் பின்னால் மாட்டுகிற பழைய அவுட்போர்டு எஞ்சினுக்கு இரண்டே குணம்தான். ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். காதை வைத்தால் போதும், என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம். அப்புறம் கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின்கள் வந்தன, கூடவே ஒரு லேப்டாப்பும் கேபிளும் வந்தன. ஆரம்பத்தில் அந்த லேப்டாப்பைக் கேலி செய்தவன் நான். ஆறே மாதத்தில் அது இல்லாமல் எஞ்சினைத் தொடமாட்டேன் என்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

திரையில் இரண்டு பக்கம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக்டிவ் என்று ஒன்று, இந்த நிமிஷம் எஞ்சினில் இருக்கிற கோளாறைச் சொல்லும். ஹிஸ்டரி என்று ஒன்று, இதுவரை நடந்ததையெல்லாம் சொல்லும். எப்போது சூடானது, எத்தனை முறை, அந்த நேரம் எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றியது, ஓட்டுகிறவர் கைப்பிடியை எவ்வளவு திருகியிருந்தார் என்பதுவரை அதில் இருக்கும். சூடான எஞ்சின் ஆறிவிட்டால் ஆக்டிவ் பக்கம் சுத்தமாகிவிடும். ஹிஸ்டரி மறக்காது.

யமுனையில் எஞ்சின் சூடாவதற்குக் காரணம் தேடி அலையவேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஆற்றிலிருந்து இழுத்துக் கொடுப்பது இம்பெல்லர் என்கிற சின்ன ரப்பர் சக்கரம். பிளாஸ்டிக் பையும் மண்ணும் ஆகாயத்தாமரை வேரும் போய் அடைத்துக்கொண்டால் அது தேய்ந்து கருகிப்போகும். அப்போது எஞ்சின் வெந்துபோகாமல் இருக்க, கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்துவிடும். கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் எஞ்சின் கேட்காது, மெதுவாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சினைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. படகில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

அந்த வருஷம் மழைக்காலம் முடியப்போகிறது என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில் வெள்ளம் வந்தது. ஆற்றை ஒட்டிய வயலில் காய்கறி போட்டுக் குடிசையில் இருந்த ஜனங்கள் இரண்டு நாளாகக் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் நான்கு படகுகள். மூன்றாவது நாள் காலை, ஏழு மணி இருக்கும், தண்ணீர் ஏறி நின்ற சாலையே படகுத்துறையாகிவிட்டிருந்தது. நான் முட்டளவு தண்ணீரில் நின்று, தலையில் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எஞ்சினாக லேப்டாப்பை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நம்பர் படகின் ஆக்டிவ் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஹிஸ்டரியைத் திறந்தேன். இரண்டு நாளில் எட்டு முறை சூடாகியிருந்தது, வேகத்தைக் குறைக்கிற அளவுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. அதில் மூன்று முறை முந்தின நாள் மாலையில், அடுத்தடுத்து. இம்பெல்லர் போய்விட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அதை மாற்றாமல் அந்தப் படகை எடுக்கக்கூடாது. மனசில் முடிவு செய்துவிட்டேன். கேபிளைப் பிடுங்கினேன். அந்த நேரம் பார்த்து நான்காம் நம்பர் படகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்சார்ஜ் என்னைக் கத்திக் கூப்பிட்டார்.

நான் அந்தப் பக்கம் திரும்பும்போது ஜகதீஷ் எதிரே வந்தான். மூன்றாம் படகை ஓட்டுகிறவன். நாற்பது வயது, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஆற்றிலேயே கிடக்கிற குடும்பம், எங்கள் துறையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் என்னிடம் கேட்டது இரண்டே சொல்.

“தேக் லியா, சாப்?”

“ஹாங், தேக் லியா” என்றேன்.

பார்த்தாயிற்றா என்று கேட்டான், பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். நம் ஊரில் டாக்டர் பார்த்துவிட்டார் என்றால் அடுத்து என்ன கேட்பார்கள்? என்ன சொன்னார் என்று கேட்பார்கள். என் மனசு அந்த அடுத்த கேள்விக்காகத்தான் நின்றது. கேட்டால் எடுக்காதே என்று சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் வொர்க்‌ஷாப் இந்தியில் அதற்கு அடுத்த கேள்வியே கிடையாது. ‘ஜரா தேக் லோ பையா’, கொஞ்சம் பாரப்பா, என்று ஒருவர் எஞ்சினைக் கொண்டுவந்து போட்டால் சரிசெய்து கொடு என்று அர்த்தம். ‘தேக் லியா’ என்றால் வேலை முடிந்தது, எடுத்துக்கொண்டு போ. ஜகதீஷ் நெற்றியில் கைவைத்து ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனான். நான் நான்காம் படகுக்குப் போனேன்.

அந்த எஞ்சினோடு நான் மல்லுக்கட்டி முடித்து நிமிர்ந்தபோது மூன்றாம் படகு நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. வாக்கி டாக்கியை வாங்கித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மழை இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஜகதீஷ் ஐந்து பேரைக் கூரையிலிருந்து இறக்கி ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறான். பாலத்துக்கு மேற்பக்கம் வரும்போது எஞ்சின் இறங்கிவிட்டது. நிற்கவில்லை, வேகம் மட்டும் இறங்கியது. எச்சரிக்கை மணியின் வயரை எவனோ எப்போதோ பிடுங்கி விட்டிருந்தான், தொட்டதற்கெல்லாம் கத்துகிறது என்று. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுபோய்ப் பாலத்தூணில் மோதியது. இரண்டாம் படகு போய் ஜகதீஷையும் நான்கு பேரையும் பிடித்தது. கமலேஷ் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கீழே தடுப்பணை மதகில் கிடைத்தார். அவருடைய கணவர் அதே படகில் இருந்து பிழைத்தவர்.

மறுநாள் அந்த எஞ்சினை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். கழுவிக் காயவைத்து, நான் மட்டும் தனியாக இருக்கும்போது லேப்டாப்பை மாட்டினேன். ஹிஸ்டரி எல்லாவற்றையும் வைத்திருந்தது. எஞ்சின் சூடான நேரம், கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைத்த நேரம், அதற்குப் பிறகு தண்ணீர் புகுந்து அணைகிறவரை ஆன நிமிஷங்கள். அந்த நிமிஷங்கள் முழுவதும் கைப்பிடி கடைசிவரை திருகியிருந்தது. ஒரு நொடிகூட ஜகதீஷ் அதைத் தளர்த்தவில்லை. அந்தப் பக்கத்தை லேப்டாப்பில் சேமித்தேன். மூடிவைத்தேன்.

எனக்கு ஓய்வுபெற ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. பயந்துவிட்டேன். இதற்குமேல் அழகாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் விசாரணை. முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எஞ்சினில் தற்போது உள்ள கோளாறு என்று ஒரு கட்டம். எஞ்சின் ஆறிக் கிடந்தது, ஆக்டிவ் பக்கம் சுத்தமாக இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன். பிறகு கூப்பிட்டுக் கேட்டார்கள், அன்றைக்குக் காலையில் எஞ்சினைப் பார்த்தாயா என்று. ‘தேக் லியா தா’ என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் அதைப் படித்துக் காட்டினார். டெக்னீஷியன் காலையில் எஞ்சினைச் சரிபார்த்து ஒப்படைத்தார் என்று இருந்தது. நான் சொன்ன இரண்டு பதிலிலும் பொய் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, ஓட்டினவன்தான் பயந்துபோய் வேகத்தைக் குறைத்துவிட்டான் என்று ஆகிவிட்டது. பிழைத்த ஜனங்களும் எஞ்சின் நிற்கவில்லை, மெதுவாகப் போயிற்று என்றுதான் சொல்லியிருந்தார்கள். வாய்வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டேன்.

எழுதினவர் ஒரு தமிழர். திருச்சிப் பக்கம், லோதி ரோடில் குடியிருந்தவர். டீக்கு இடைவேளை விட்டபோது என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

“சார், நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது. தமிழ்ல யோசிச்சு இந்தியில சொன்னீங்க. பார்த்தேன்னுதான் சொன்னீங்க, சரி பண்ணேன்னு சொல்லல” என்றார்.

ஒரு டீயை வாங்கி என் கையில் கொடுத்தார்.

“ஆனா பைல்ல இந்திதானே இருக்கு. அது உங்களுக்கு நல்லபடியாத்தான் இருக்கு. விட்டுடுங்க.”

நல்ல மனுஷர். என்மேல் அக்கறையில்தான் சொன்னார். தில்லிக்கு வந்து இத்தனை வருஷத்தில் என் பேச்சைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான், அவர் சொன்னதும் எனக்கு வசதியாக இருந்தது. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். ஜகதீஷை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போயிருந்தோம். ஒரு கடை வாசலில் ஜகதீஷ் ஸ்வெட்டர்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். நான் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். என் மனைவிக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மேரா ஹாத் காம்ப் கயா தா, சாப்” என்றான். “மாஃப் கர்னா.”

என் கை நடுங்கிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்கிறான். நீங்கள் எஞ்சினைச் சரிசெய்து கொடுத்தீர்கள், நான்தான் கெடுத்தேன் என்றான். அன்றைக்குக் கைப்பிடியை விட்ட ஞாபகம் தனக்கு இல்லை, ஆனால் ஓடுகிற எஞ்சின் தானாக இறங்காதே, அப்படியானால் என் கைதானே இறக்கியிருக்க வேண்டும் என்றான். அவன் அறிந்த எஞ்சின் ஓடும் அல்லது நிற்கும். விசாரணையில் நாலு பெரிய மனிதர்கள் மாறிமாறிச் சொன்னபிறகு தன் கையையே அவன் நம்பவில்லை. அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். பரவாயில்லை என்றுகூட ஏதோ சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி கேட்டாள்.

“அவன் எதுக்கு உங்கட்ட மன்னிப்பு கேக்கான்?”

முழுவதையும் சொன்னேன். மோதி பாக் ஸ்டாப் வந்தது. இறங்கின பிறகுதான் கேட்டாள்.

“ரிட்டையர் ஆவணும்னுதான் பேசாம இருந்தியளா?”

ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டு, இன்றைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

எழுதிக் கொடுத்தேன். லேப்டாப்பில் சேமித்திருந்த பக்கத்தை அச்செடுத்து இணைத்தேன். காலையில் எட்டு பதிவுகளைப் பார்த்ததையும், படகை எடுக்காதே என்று சொல்லாததையும், படிவத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதியதையும் எழுதினேன். இன்சார்ஜ் கோபத்தில் காகிதத்தை மேஜைமேல் விசிறினார். மூடின பைலை ஏன் கிளறுகிறாய் என்றார். எனக்கு மெமோ வந்தது, ஓய்வுபெறும்வரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். லேப்டாப் வேறொருவர் கைக்குப் போனது. இதெல்லாம் எனக்குக் குறைந்த தண்டனைதான்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். திரையில் எதைப் பார்த்தீர்கள் என்பது ஓட்டுகிறவருக்குத் தேவையில்லை. எடுக்கலாமா கூடாதா என்பதுதான் தேவை. எடுக்கக்கூடாது என்றால் அந்த வார்த்தையையே, அவருடைய பாஷையில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எஞ்சினின் சாவியை உருவி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்சார்ஜ் கத்தட்டும், அடுத்த படகு காத்திருக்கட்டும். பார்த்தாயிற்று என்று யாரிடமும் சொல்லாதீர்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே வாயைத் திறந்துவிடுங்கள். நாள் போகப்போக உங்கள் தப்பை வேறு யாராவது தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பைலைத் திருத்த இரண்டு மாதம் ஆயிற்று. பிப்ரவரியில் ஜகதீஷை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவன் வொர்க்‌ஷாப்புக்கு வந்தபோது அந்தப் பக்கத்தை நானே அவனுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. என் கை இதில் எங்கே இருக்கிறது என்றான். கைப்பிடியின் கணக்கு இருந்த வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினேன். இது உன் கை, இது முழுசாகத் திருகியிருக்கிறது, இங்கேயும் முழுசு, இங்கேயும் முழுசு என்றேன். அவன் என் விரல் போன வழியே தன் விரலை வைத்து ஒருமுறை இழுத்தான். அழுவான் என்று நினைத்தேன். அவன் அழவில்லை.

“இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?” என்று இந்தியில் கேட்டான்.

“படகு மோதின மறுநாளிலிருந்து.”

அவன் அந்தக் காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான். விசாரணை முடிந்த மறுநாள் அவன் கமலேஷின் கணவரைத் தேடிப் போயிருக்கிறான். அவர் காலில் விழுந்து, என் கை நடுங்கியதால்தான் உங்கள் மனைவி போனாள் என்று சொல்லியிருக்கிறான். அவர் அவனை அடிக்கவில்லை, எழுந்துபோ என்று மட்டும் சொன்னாராம்.

“அவரிடம் போய் நீங்கள் சொல்லுங்கள்” என்றான் ஜகதீஷ். படகு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே போய்விட்டான்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். ஆற்றோரம் குடிசைகள் இருந்த இடம் வெறும் மண்ணாக இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஜனங்களைச் சாலையோரத்தில் டென்ட் போட்டு வைத்திருந்தார்கள், ஜனவரியில் அதையும் பிரித்துவிட்டார்கள். கமலேஷின் கணவர் உத்தரப் பிரதேசத்தில் பதாயூன் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். அங்கேயும் இரண்டு முறை போய் வந்தேன். அந்தப் பெயரில் யார் யாரையோ காட்டினார்கள், அவர்களில் ஒருவரும் அவர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் தேடினேன். இன்றுவரை கிடைக்கவில்லை. எங்கோ ஓர் ஊரில் அந்த மனிதர், ஜகதீஷின் கைதான் தன் மனைவியைக் கொன்றது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்த டென்ட்டுகள் எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு எதிரேதான் இருந்தன. நான் வாயை மூடிக்கொண்டிருந்த மாதங்கள் முழுவதும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி, அவற்றைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போனேன்.